ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குச் சட்டம் என்னென்ன தருகிறது?

தமிழ்நாட்டில் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறவர்களிடம் "பள்ளியில் என்னவெல்லாம் தருவார்கள்?" என்று கேட்டால் விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்கள். பாடப்புத்தகம், நோட்டு, பை, செருப்பு, கிரையான், சீருடை. இவை பெரும்பாலும் கேட்காமலே வந்து சேரும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை பள்ளியின் முதல் சில மாதங்களை அழாமல், பசிக்காமல், பயப்படாமல் கடக்க உதவும் உரிமைகள் வேறு. அவையும் சட்டத்தில் எழுதி வைக்கப்பட்டவைதான். பையில் போட்டுக் கொடுக்க முடியாதவை என்பதாலோ என்னவோ, யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சேர்க்கும்போது

அடிப்படைச் சட்டம் 2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அருகில் உள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு என்பது இதன் சாரம். தமிழ்நாட்டில் ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைந்திருந்தாலே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

சேர்க்கையில் பெற்றோர் தடுமாறுவது ஆவணங்களில்தான். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் நல்லது. ஆனால் வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. ஆதார் இல்லை என்றும் திருப்பி அனுப்ப முடியாது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. ஐந்து வயதுக்கு முன் ஆதார் எடுத்திருந்தால் 5 முதல் 7 வயதுக்குள் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அது தனி வேலை. சேர்க்கையோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஊர் மாறி வந்தவர்கள், செங்கல் சூளை, கட்டட வேலை என்று இடம் மாறுகிறவர்கள் ஜூனில் சேர்க்க முடியாமல் போகலாம். ஆண்டின் எந்த மாதத்தில் வந்து கேட்டாலும் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டக் கூடாது.

அப்புறம், நேர்காணல். சில தனியார் பள்ளிகளில் பிள்ளையிடம் நிறம், வடிவம், எழுத்து எல்லாம் கேட்டுவிட்டு, அப்பா அம்மாவிடம் "எதுவரை படித்திருக்கிறீர்கள்?" என்றும் கேட்பார்கள். பிள்ளையையோ பெற்றோரையோ இப்படிச் சலித்துப் பொறுக்குவதை 13ஆம் பிரிவு தடை செய்கிறது. முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை, அதன் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை.

தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பு (எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு) இடங்களில் 25 விழுக்காடு நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் பிள்ளைகளுக்கு. நலிந்த பிரிவு என்றால் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள். விண்ணப்பம் இணையத்தில். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குச் சட்டம் பொருந்தாது என்பது 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எனவே விண்ணப்பிக்கும் முன் அந்தப் பள்ளி எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயமில்லாமல் உட்கார்ந்திருக்கும் உரிமை

கல்வி உரிமைச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த வரி 29ஆம் பிரிவில் இருக்கிறது. பாடத்திட்டம் வகுக்கும்போது கவனிக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் தரும்போது, பிள்ளையை அச்சம், அதிர்ச்சி, பதற்றம் ஆகியவற்றிலிருந்து விடுவித்து, நினைப்பதைத் தயங்காமல் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. ஏதோ நல்லெண்ண அறிவுரை என்று கடந்து போய்விடாதீர்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் வாசகம் இது.

இதற்குப் பல் கொடுப்பது 17ஆம் பிரிவு. உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை. உடல் தண்டனை என்றால் பிரம்படி மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் இன்னும் விரிவாகப் போகிறது. கிள்ளுவது, காதைத் திருகுவது, முட்டி போடச் சொல்வது எல்லாம் அதில் அடங்கும். கிண்டல் செய்வது, பட்டப்பெயர் வைப்பது, சாதியையோ பெற்றோர் பார்க்கும் வேலையையோ சொல்லிக் குத்துவது மனத் துன்புறுத்தல். சாதி பார்த்து உட்கார வைப்பதும், தண்டனையாகச் சாப்பாட்டை மறுப்பதும் பாகுபாடு.

இதில் நம் பக்கத்துக் குறை ஒன்றும் உண்டு. சேர்க்கும் நாளிலேயே "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று பிள்ளையின் காதுபடச் சொல்கிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். மரியாதைக்குச் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் அடிப்பது சட்ட மீறல்தான். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கோ, இனி வீட்டில் போய்ச் சொல்லிப் பயனில்லை என்பது அந்த நிமிடமே புரிந்துவிடும்.

பயம் எப்போதும் அழுகையாக வெளியே வருவதில்லை. "ஒன்னுக்குப் போகணும் மிஸ்" என்று கேட்கக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு, மாலையில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடுகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பள்ளியில் இரண்டு விஷயம் விசாரியுங்கள். கழிப்பறை பயன்படுத்தும்படி இருக்கிறதா, பிள்ளைகள் கேட்டவுடன் அனுப்புகிறார்களா. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், விளையாட்டு இடம் ஆகியவை சட்டத்தின் இணைப்பு அட்டவணையில் ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டாயம். தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பினால் அதுவும் பெரும்பாலும் இதே கதைதான். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இந்தப் பயத்தைக் குறைப்பதற்கும் உதவுகிறது. பாட்டு, கதை, பொம்மை, செயல்பாடு என்றுதான் வகுப்பு போகும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்றுக்கொடுப்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் தொடங்கும். "நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையே, என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?" என்று முதல் மாதமே சண்டைக்குப் போக வேண்டாம். தேசிய அளவில் 2021இல் வந்த 'வித்யா பிரவேஷ்' என்ற ஒன்றாம் வகுப்புத் தயாரிப்புப் பயிற்சியும் முதல் மூன்று மாதத்தை விளையாட்டு வழியாகவே வைத்திருக்கிறது.

வீட்டுப்பாடமும் அப்படித்தான். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020இல் வந்த தேசியப் பள்ளிப் பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 18 கிலோ இருக்கும் பிள்ளைக்கு 1.8 கிலோ, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள்.

காலையிலும் மதியமும்

அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்புவரை ஒவ்வொரு பள்ளி நாளும் ஒரு வேளைச் சமைத்த உணவு என்பது சலுகை அல்ல. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது பிள்ளையின் உரிமை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும். அரிசி வரவில்லை, எரிவாயு தீர்ந்துவிட்டது, சமையலர் வரவில்லை என்று ஒருநாள் சமைக்காமல் போனால், அதற்கு ஈடான உணவுப் பாதுகாப்புப் படியை (தானியமும் சமையல் செலவுப் பணமும்) அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று 2015 விதிகள் சொல்கின்றன. இதைக் கேட்டு வாங்கியவர்களை நான் பார்த்ததில்லை. கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் சத்துணவோடு வாரம் ஐந்து நாள் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். சேர்க்கும் நாளிலேயே சத்துணவுப் பட்டியலில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். "எங்க பையன் வீட்டுச் சாப்பாடுதான்" என்று பெயர் கொடுக்காமல் விட்டவர்கள் பிறகு சீருடைக்கு முழிப்பார்கள். விலையில்லாச் சீருடை நான்கு இணை, சத்துணவில் பெயர் உள்ள பிள்ளைகளுக்குத்தான்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஐந்தாம் வகுப்புவரை. உப்புமா, கிச்சடி, பொங்கல் மாதிரியான உணவு, காய்கறி சாம்பாரோடு. அளவு ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. பல இடங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண்கள்.

காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு இந்தத் திட்டம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு சிக்கல், நேரம். உணவு வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்துவிடும். மணி அடிக்கும்போது வந்து நிற்கும் பிள்ளைக்குக் கிடைக்காது. பள்ளியில் எத்தனை மணிக்குப் பரிமாறுகிறார்கள் என்பதை முதல் நாளே கேட்டு, வேன் அல்லது ஆட்டோ நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் சாப்பிடவே தயங்கும் பிள்ளையாக இருந்தால், முதல் சில நாள் யாராவது ஒரு பெரியவர் வாசல்வரை போய் வருவது உதவும்.

உடம்புக்கு

பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை நடமாடும் மருத்துவக் குழு வரும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி கண், காது, பல், இதயம், ரத்தசோகை, வளர்ச்சித் தாமதம் எல்லாம் பார்ப்பார்கள். ஏதாவது தெரிந்தால் மேல் சிகிச்சைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. அந்தச் சீட்டு பையின் அடியில் கசங்கிக் கிடப்பது நிறைய நடக்கிறது. குழு வந்த நாளன்று பையைப் பாருங்கள்.

5 முதல் 6 வயதுக்குள் முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னிக்கானது) இரண்டாவது ஊக்கத் தவணை போட வேண்டும். ஒன்றரை வயது ஊசியோடு எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் குடற்புழு நீக்க மாத்திரையை மென்று தின்னச் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனுள்ள பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுவரை இலவசக் கல்வி உண்டு. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்விக்கும் அங்கேதான் கேட்க வேண்டும்.

வீட்டாருக்கு

பெற்றோரை முறையாகக் கூட்டி, வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வைத்திருக்கிறது. ஆகவே "எம் புள்ள எப்படி இருக்கான்?" என்று கேட்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கழிப்பறை, குடிநீர், சாப்பாடு எல்லாம் பேசும் இடம் அதுதான். ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் புதுசு என்று ஒதுங்கி நிற்பார்கள். உண்மையில் இன்னும் நான்கைந்து ஆண்டு அதே பள்ளிக்கு வரப் போகிறவர்கள் அவர்கள்தான்.

வீட்டில் சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அல்லது நிரந்தரமாக முடங்கினால், அரசு, உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு 75,000 ரூபாய் நிதியுதவி இருக்கிறது. தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். இது 2025 செப்டம்பரில் வந்தது.

ஏதாவது சரியில்லை என்றால் முதலில் வகுப்பாசிரியர், அப்புறம் தலைமை ஆசிரியர். பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளையை அடித்திருந்தால், அல்லது யாராவது தவறாகத் தொட்டிருந்தால், இந்த வரிசையெல்லாம் பார்க்காதீர்கள்; குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். எழுத்துமூலம் கொடுக்கும் புகாருக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். மனுவைக் கொடுக்கும்போது நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் மூன்று மாதம் ஆகிவிட்டது என்று காட்ட அது வேண்டும்.