புது வண்டியோடு முதல் மலைப்பயணம்

"மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் நூறில் வைத்து நாலு தடவை போய் வந்தால் எஞ்சின் செட் ஆகிவிடும் இல்லையா?" பெங்களூரில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் தமிழ் நண்பர்கள் புதிதாக ஒரு வேகமான கார் வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி இது. ஆகாது. ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடுவது புது எஞ்சினுக்கு ஒத்துக்கொள்ளாது.

சிலிண்டரின் உள்சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகளைத் தொழிற்சாலையிலேயே போட்டிருப்பார்கள். சிலிண்டருக்குள் மேலும் கீழும் போகும் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம், அதாவது பிஸ்டன் ரிங், அந்தக் கோடுகளின் முனையைத் தேய்த்துத் தேய்த்துத்தான் சுவரோடு பொருந்தும். ரிங்கைச் சுவரில் அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். எனவே ஆக்சிலரேட்டரை மிதமாக அழுத்துவதும் விடுவதும் மாறி மாறி நடக்க வேண்டும். ஒருவர், வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் போட்டே முதல் 1,800 கிலோமீட்டரை ஓட்டிவிட்டு, ஆயில் குறைகிறது என்று வந்து நின்றார். அது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ரிங் சரியாகப் பொருந்தாவிட்டால் ஆயில் மேலேறி எரியும் என்பது நிச்சயம்.

மேடு, இறக்கம், வளைவு உள்ள பாதை எஞ்சினுக்கு நல்லதுதான். சிக்கல் பிரேக்கில் இருக்கிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கும், அதை அழுத்திப் பிடிக்கும் பேடும் புதிதாக இருக்கும்போது ஒன்றோடொன்று பழக ஏறக்குறைய 500 கிலோமீட்டர் ஆகும். டயரின் மேல்பூச்சு தேய்ந்து முழுப் பிடிப்பு வர 300 ஆகும். அல்சூரைச் சேர்ந்த ஒரு தம்பி டெலிவரி எடுத்த மறுநாளே ஏற்காடு போய்விட்டார். சேலம் பக்கம் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. அடிவாரத்தில் கருகிய வாடை. திங்கட்கிழமை பேடைக் கழற்றினால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மின்னியது. அப்படி ஆனால் பேட் சரியாகப் பிடிக்காது. உயிரோடு விளையாடும் காரியம் இது, தயவுசெய்து வேண்டாம்.

முதல் வாரம் கோலார் பக்கம் அதிகாலையில் கிளம்புங்கள். பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து, அறுபதிலிருந்து இருபதுக்கு மிதமாகப் பிரேக் பிடித்து, சற்று ஆறவிட்டு மறுபடி பிடியுங்கள். எட்டுப் பத்து முறை போதும். 500 தாண்டிய பிறகு ஏற்காடு போகலாம். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும்.

அப்புறம், காலைக் குளிர். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்தைக் காட்டும் முள் நடுவுக்கு வந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்தத் தொடங்குகிறார்கள். ஆயில் சூடாக இன்னும் நேரமாகும். ஆயில் வெப்ப மீட்டர் 80 டிகிரியைத் தாண்டும்வரை பொறுங்கள். எத்தனை ஆர்.பி.எம். (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள்) வரை போகலாம் என்பது கையேட்டில் இருக்கும். வண்டிக்கு வண்டி அது மாறும்.

பிஎம்டபிள்யூவின் வேகமான ரகமான எம் வண்டிகளுக்கு 2,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். தேய்ந்த உலோகத் துகள் அதில்தான் கிடக்கும். "ஆயில் புதுசாத்தானே இருக்கு" என்று தள்ளிப்போடாதீர்கள். அதுவரை ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவைப் பார்த்துக் குறித்து வையுங்கள். சர்வீஸுக்கு வரும்போது அந்தக் குறிப்பையும் கொண்டு வாருங்கள். நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.