‘ஐ’ய எங்க விடலாம், எங்க விடக்கூடாது: அண்ட், பட், பிகாஸ் வேலை செய்ற விதம்

எங்க தெருப் பொண்ணு ஒருத்தி, காலேஜ் கடைசி வருஷம், இன்டர்வியூ வருது அக்கா கொஞ்சம் இங்கிலீஷ்ல பேசிப் பாக்கணும்னு வந்து உக்காந்தா. இன்னைக்கு காலைல என்ன பண்ணேன்னு சொல்லும்மான்னு கேட்டேன். ‘ஐ வோக் அப். ஐ ப்ரஷ்ட் மை டீத். ஐ ஏட் இட்லி. ஐ காட் த பஸ். ஐ கேம் ஹியர்.’ ஒரு தப்பு கிடையாது, ஆனா ஒவ்வொண்ணுக்கு நடுவுலயும் ஒரு நிறுத்தம், ஒவ்வொரு தடவையும் புதுசா மூச்சு எடுத்து ஆரம்பிக்கிறா. சரி அதையே தமிழ்ல சொல்லுன்னேன். ‘எந்திரிச்சு பல்லு வெளக்கி இட்லி சாப்டுட்டு பஸ்ஸப் புடிச்சு வந்தேன்க்கா.’ ஒரே மூச்சு.

இங்கிலீஷ்ல அஞ்சு ‘ஐ’ வந்துச்சு, தமிழ்ல ‘நான்’ ஒண்ணு கூட வரல. அந்த ‘நான்’ எங்க போச்சுன்னு பாத்தா கடைசி வார்த்தைல ஒட்டிக்கிட்டு இருக்கு, ‘வந்தேன்’ல இருக்கிற அந்த ‘ஏன்’தான் ‘நான்’. அதுக்கு முன்னாடி வந்த எந்திரிச்சு, வெளக்கி, சாப்டுட்டு, புடிச்சு எல்லாம் வினையெச்சம், அதுல ஆளும் தெரியாது காலமும் முடிவாகாது, எல்லாமே கடைசில வர்ற ஒரே ஒரு வினைக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்.

இங்கிலீஷ்ல ‘கேம்’னு மட்டும் சொன்னா யாரு வந்தாங்கன்னு தெரியாது, ஐ கேம், யூ கேம், ஷி கேம், தே கேம், எல்லாத்துக்கும் அதே ‘கேம்’தான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய இங்கிலீஷ்ல வினைக்கு விகுதி நிறைய இருந்துச்சு, நான் நேசிக்கிறேன்னா ‘லுஃபியே’, அவன்னா ‘லுஃபத்’. காலப்போக்குல அதெல்லாம் தேஞ்சு தேஞ்சு இன்னைக்கு ‘ஹி லவ்ஸ்’ல வர்ற அந்த ஒரு ‘ஸ்’ மாதிரி கொஞ்சம்தான் மிச்சம். வினை ஆளைக் காட்டாததால ஆளைத் தனியா சொல்லியே ஆகணும். ஜூலியஸ் சீசர் கி.மு. 47ல ஜேலா சண்டைல ஜெயிச்சுட்டு சொன்னதா சொல்ற ‘வேனி, விடி, விசி’ய எடுத்துக்கோங்க, லத்தீன்ல மூணே வார்த்தை, தமிழ்லயும் வந்தேன், பார்த்தேன், வென்றேன்னு மூணே வார்த்தை, இங்கிலீஷ்ல ‘ஐ கேம், ஐ சா, ஐ கான்கர்ட்’னு ஆறு ஆயிடுது.

அப்ப இங்கிலீஷ்காரங்க எப்பவும் ஐ ஐன்னுதான் பேசுறாங்களான்னா இல்ல, அங்கதான் ‘அண்ட்’ வருது. நமக்கு ஸ்கூல்ல அண்ட்னா ‘மற்றும்’, அண்ட்னா ‘உம்’னு சொல்லிக் குடுத்துட்டாங்க, அதுதான் பெரிய குழப்பம்னு நான் நினைக்கிறேன். அண்ணனும் தம்பியும்னு பேரைச் சேக்கலாம், ‘வந்தேனும் சாப்பிட்டேனும்’னு எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான். அண்ட் அப்படி இல்ல, ஒரே வகையான ரெண்டு எதுவா இருந்தாலும் சேக்கும், பேரோட பேரு, வினையோட வினை, முழு வாக்கியத்தோட முழு வாக்கியம். ‘ஐ வென்ட் ஹோம் அண்ட் ஸ்லெப்ட்’ல சேந்திருக்கிறது ரெண்டு வாக்கியம் இல்ல, ‘வென்ட் ஹோம்’, ‘ஸ்லெப்ட்’னு ரெண்டு வினைப்பகுதி, அது ரெண்டும் ஒரே ‘ஐ’ய பங்கு போட்டுக்குது. ‘பட்’டும் ‘ஆர்’ரும் இதே ஜாதி.

இந்தப் பங்கு எவ்ளோ உறுதின்னு பாருங்க. ‘ஐ கால்டு மை சிஸ்டர் அண்ட் க்ரைட்.’ அழுதது யாரு? பக்கத்துல நிக்கிறது சிஸ்டர்தான், ஆனா அழுதது நான். சிஸ்டர் அழுதிருந்தா ‘அண்ட் ஷி க்ரைட்’னு ஷி போட்டே ஆகணும், ஏன்னா விட்ட இடத்துக்குள்ள வந்து உக்காருறது முதல்ல சொன்ன எழுவாய் மட்டும்தான்.

இப்ப ‘பிகாஸ்’க்கு வாங்க. ‘ஐ ஸ்டேய்டு ஹோம் பிகாஸ் வாஸ் சிக்’னு சொன்னா கேக்குறவங்க காதுல டக்குனு இடிக்கும், ‘பிகாஸ் ஐ வாஸ் சிக்’னுதான் வரணும். காரணம் என்னன்னா பிகாஸ் ரெண்டு சமமான ஆளைக் கை கோத்து விடுற வேலையைச் செய்யல, ஒரு முழு வாக்கியத்தைத் தூக்கி இன்னொண்ணுக்குள்ள வைக்குது, உள்ள போற வாக்கியத்துக்கு அதோட சொந்த எழுவாய் வேணும். இதைக் கண்டுபிடிக்க சுலபமா ஒரு சோதனை இருக்கு, அந்தப் பகுதியை அப்படியே முன்னாடி தூக்கிப் போட்டுப் பாருங்க. ‘பிகாஸ் ஐ வாஸ் சிக், ஐ ஸ்டேய்டு ஹோம்’ நல்லா இருக்கு. ‘அண்ட் ஐ ஸ்லெப்ட், ஐ வென்ட் ஹோம்’ நிக்கல. முன்னாடி நகர்ற வென், இஃப், ஆல்தோ, பிகாஸ் பின்னாடி வினையை முழுசா சொன்னா ‘ஐ’யும் சேத்துச் சொல்லணும், விடணும்னா வினையையே மாத்தணும், ‘ஆஃப்டர் ஈட்டிங், ஐ லெஃப்ட்’ மாதிரி. அந்த ‘ஈட்டிங்’ கிட்டத்தட்ட நம்ம ‘சாப்டுட்டு’ செய்ற வேலைதான். ‘சோ’ மட்டும் ரெண்டுங்கெட்டான், முன்னாடி நகராது ஆனாலும் ஐ இருந்தாதான் நல்லா இருக்கும்.

நம்ம ஆளுங்க நிறைய பேரு ‘ஆல்தோ ஐ வாஸ் டயர்டு, பட் ஐ வென்ட்’னு ரெண்டு கொக்கியும் மாட்டுறாங்க. தமிழ்ல ‘டயர்டா இருந்தாலும்’னு சொல்றப்ப கொக்கி வாக்கியத்தோட கடைசில, அடுத்த வாக்கியத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கு. இங்கிலீஷ்ல அது ஆரம்பத்துலயே போயிடுது, நடுவுல ஒரு கமா மட்டும், அந்த இடம் காலியா இருக்கிற மாதிரி நமக்குத் தோணி ஒரு ‘பட்’ட வச்சு நிரப்பிடுறோம்.

அண்ட்டுக்குள்ள இன்னொரு விஷயமும் ஒளிஞ்சிருக்கு. டாக்டர்கிட்ட ‘ஐ டுக் த டேப்லெட் அண்ட் ஃபெல்ட் டிஸி’ன்னு சொல்றதுக்கும் ‘ஐ ஃபெல்ட் டிஸி அண்ட் டுக் த டேப்லெட்’னு சொல்றதுக்கும் வைத்தியமே மாறிப் போகும், முதல்ல மாத்திரையே பிரச்சினை, ரெண்டாவதுல அது மருந்து. இத்தனைக்கும் அண்ட்ங்கிற வார்த்தைல ‘அப்புறம்’ங்கிற அர்த்தமே கிடையாது. பால் க்ரைஸ்ங்கிற தத்துவ அறிஞர் 1967ல ஹார்வர்டுல குடுத்த சொற்பொழிவுகள்ல இருந்து கிளம்பின விளக்கம் இது: பேசுறவர் ஒழுங்கா, நடந்த வரிசைலதான் சொல்லுவார்னு கேக்குறவர் நம்புறாரு, அந்த நம்பிக்கைலதான் வரிசை பிறக்குது. அதனால ஐய விட்டுட்டு வேகமா கோக்குறப்ப வரிசைல கவனமா இருங்க.

பேச்சுல அண்ட்டோட உருவமும் மாறிடும், ‘ட்’ கரைஞ்சு ‘அன்’னு ஆகி, அடுத்து ஐ வந்தா ரெண்டும் ஒட்டி ‘அனை’ன்னு ஒரே சத்தமா வரும். ராக் அன் ரோல்ல இருக்கிறதும் இதே அண்ட்தான். வாலஸ் சேஃப்ங்கிற அமெரிக்க மொழியியலாளர் ஜனங்க கதை சொல்றத பதிவு பண்ணி ஆராய்ஞ்சவர், சரளமா பேசுறவங்களோட பேச்சும் சுமார் 2 விநாடித் துண்டு துண்டாத்தான் வருது, நிறைய துண்டு அண்ட்லதான் ஆரம்பிக்குதுன்னு காட்டினாரு. அதாவது நிறுத்தம் எல்லாருக்கும் இருக்கு, ஆனா நிறுத்துறதுக்கு முன்னாடியே ‘அண்ட்...’னு ஒரு கொக்கியைப் போட்டு வச்சா கேக்குறவருக்கு இன்னும் வருதுன்னு தெரிஞ்சிடும்.

இதெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு மணி நேரம் பேசிட்டு மறுபடியும் காலைலருந்து சொல்லுன்னேன். ரெண்டு இடத்துல யோசிச்சா, ஆனா விடல. ‘ஐ வோக் அப் அட் ஃபைவ் அண்ட் ஏட் இட்லி, பட் ஐ மிஸ்ட் த ஃபர்ஸ்ட் பஸ் பிகாஸ் ஐ வாஸ் லுக்கிங் ஃபார் மை ஐடி கார்டு, சோ ஐ டுக் த நெக்ஸ்ட் ஒன் அண்ட் கேம் ஹியர்.’ வினை ஆறு, ஐ நாலு, விட்டுப்போன ரெண்டும் அண்ட்டுக்குப் பின்னாடி.