ஹல்லா: எடுத்து வைக்கும் மாவு, சுட்டெடுக்கும் ரொட்டி

ஹல்லா (எபிரேயம், பெயர்ச்சொல்): 1. ரொட்டிக்குப் பிசைந்த மாவிலிருந்து கடவுளுக்கென்று கிள்ளி எடுத்து வைக்கும் பங்கு. 2. சபாத் என்னும் ஓய்வுநாளுக்கும் பண்டிகைகளுக்கும் யூதர் வீடுகளில் சுடும் ரொட்டி. பெரும்பாலும் சடைபோலப் பின்னியது. பன்மை: ஹல்லோத்.

முதலில் உச்சரிப்பு. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பலர் ‘சல்லா’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் சல்லா என்பது மெல்லிய துணி. எபிரேயத்தில் முதலெழுத்து தொண்டையிலிருந்து எழும் ஒலி. நம் எழுத்துகளில் ‘ஹ’தான் அதற்கு நெருக்கம். இத்திஷ் பேசிய கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் ‘ஹாலே’ என்பார்கள். ஆகவே ஹல்லா என்றே எழுதலாம்.

அகராதிகள் இச்சொல்லைத் துளைத்தல் என்னும் பொருள்கொண்ட வேரோடு சேர்க்கின்றன. துளையிட்ட, அல்லது வட்டமாகத் தட்டிய அப்பம் என்பது அதன் பழம்பொருளாகக் கொள்ளப்படுகிறது. விவிலியத்தில் பலிபீடத்துக்கான அப்ப வகைகளுள் ஒன்றாக இது வருகிறது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பைப் படித்தவர்கள் இந்தச் சொல்லைத் தெரியாமலேயே சந்தித்திருப்பார்கள். யாத்திராகமம் 29:2இல் ‘எண்ணெயிலே பிசைந்த புளிப்பில்லா அதிரசங்கள்’ என்று வரும் இடத்தில் மூலத்தில் இருப்பது ஹல்லோத். அதே வசனத்தில் ‘அடைகள்’ என்பது ரெகிகீம் என்னும் மெல்லிய தட்டைகள். எண்ணெய் சேர்ந்த தடித்த பண்டம் அதிரசம், மெல்லியது அடை என்று வாசகர் கண்முன் இருந்த பலகாரங்களைக் கொண்டே பிரித்துக் காட்டியது நல்ல மொழிபெயர்ப்பு வேலை. ஆனால் அரிசிமாவும் வெல்லப்பாகும் சேர்த்து எண்ணெயில் பொரிப்பதே நமக்கு அதிரசம். கோதுமை மாவைப் பிசைந்து அடுப்பில் சுடும் பண்டத்துக்கு இன்றைய சமையல் எழுத்தில் அந்தப் பெயரை வைக்க முடியாது.

எண்ணாகமம் 15:20தான் திருப்பம். கடவுள் வாக்களித்த நாட்டுக்குள் போய் அதன் அப்பத்தை உண்ணும்போது, பிசைந்த மாவின் முதற்பலனாக ஒரு ஹல்லாவை எடுத்துப் படைக்கவேண்டும் என்கிறது அந்தக் கட்டளை. அதன் பின் பண்டத்தின் பெயர் மெல்ல மறைந்து, எடுத்து வைக்கும் பங்கின் பெயராக இச்சொல் நிலைத்தது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இதற்கென்றே ‘ஹல்லா’ என்ற தனிப்பகுதி உண்டு. வீட்டில் சுடுபவர் மாவில் 24இல் ஒரு பங்கும், விற்பதற்குச் சுடுபவர் 48இல் ஒரு பங்கும் ஆசாரியருக்கு, அதாவது ஆலயக் குருவுக்கு, கொடுக்கவேண்டும் என்று அது அளவு சொல்கிறது. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானிய மாவுக்கே இது பொருந்தும். அரிசிக்கோ கேழ்வரகுக்கோ இல்லை.

ஆசாரியர் அந்தப் பங்கைச் சடங்குத் தூய்மையோடுதான் உண்ணவேண்டும். எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிக்கப்பட்டபின் அந்தத் தூய்மையைப் பெறும் வழி இல்லாமல் போனதால், இன்று யாரும் உண்பதில்லை, எடுத்து எரித்துவிடுகிறார்கள். எரிக்கப்போகும் மாவுக்குப் பழைய கணக்கு வேண்டாம் என்று ஓர் ஒலிவக்காய் அளவு, சுமார் 30 கிராம், வழக்கமாயிற்று.

எவ்வளவு மாவு பிசைந்தால் எடுக்கவேண்டும்? பழைய கணக்கு 43 முட்டையும் ஐந்தில் ஒரு பங்கும் கொள்ளும் அளவு. ஹல்லா என்ற சொல்லின் மூன்று எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பும் 8, 30, 5 என்று கூட்டினால் 43 வரும். பெண்கள் அளவை நினைவில் வைக்க இது உதவியது. இன்றைய எடையில் பரவலாக வழங்குவது இது: உலர்மாவு 1.2 கிலோவுக்குக் குறைந்தால் எடுக்கவேண்டாம், அதற்குமேல் போனால் ஆசிமொழி சொல்லாமல் எடுக்கவேண்டும், சுமார் 1.67 கிலோவைத் தொட்டால் ஆசிமொழியோடு எடுக்கவேண்டும். இதைவிடக் கூடுதல் அளவு கொள்பவர்களும் உண்டு, ஆகவே அவரவர் தம் ரபியின் (யூத சமய ஆசிரியரின்) கணக்கையே பின்பற்றுவார்கள்.

மாவு பிசைந்து முடிந்தபின், உருவம் செய்யுமுன் எடுப்பதே முறை. ஆசிமொழி சொல்லி, துண்டைக் கிள்ளி, ‘இதோ, இது ஹல்லா’ என்பார்கள். துண்டை அலுமினியத் தாளில் சுற்றி, வேறெந்த உணவும் உள்ளே இல்லாதபோது அடுப்பில் கருக விடுவார்கள். அது முடியாவிட்டால் இரண்டு சுற்றாகப் பொதிந்து தனியே அப்புறப்படுத்துவார்கள். சிறுசிறு மாவாகப் பிசைந்தவர்கள், சுட்ட ரொட்டிகளை ஒரே கூடையில் வைத்துத் துணியால் மூடினால் எல்லாம் ஒன்றாகக் கணக்கில் சேரும். பிறகு ஒரு துண்டு எடுத்தால் போதும். வெள்ளி மாலை அவசரத்தில் எடுக்க மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சபாத் தொடங்கியபின் எடுக்கக்கூடாது. இஸ்ரேலுக்கு வெளியே என்றால், ரொட்டியைத் தின்றுவிட்டு ஒரு துண்டை மிச்சம்வைத்து, சபாத் முடிந்ததும் அதிலிருந்து எடுக்க இடமுண்டு. இஸ்ரேலில் சுட்ட ரொட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. எடுக்காமல் உண்ணவே கூடாது.

இந்தப் பங்குக்குத் தமிழில் ஒரு சொல் ஏறக்குறையத் தயாராகவே இருக்கிறது. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ ஏழைக்கோ என்று தனிக் கலத்தில் இடும் வழக்கம் நமக்குப் பிடியரிசி. அதே வார்ப்பில் பிடிமாவு என்றால், சமைப்பவர் கை, சமைக்குமுன் எடுத்தல், தமக்கென்று வைக்காமை மூன்றும் ஒரு சொல்லில் வந்துவிடும். பிடியரிசி ஒருவர் வயிற்றுக்குப் போகிறது, பிடிமாவு இன்று நெருப்புக்குப் போகிறது என்ற வேறுபாட்டை மட்டும் முதல்முறை எழுதும்போது ஒரு வரியில் சொல்லிவிடவேண்டும். ‘காணிக்கை மாவு’ என்றும் சிலர் எழுதலாம். பொருள் சரிதான், சமையலறை வாசம்தான் இல்லை.

இனி ரொட்டி. பங்கின் பெயர் ரொட்டிமேல் மறுபடி ஏறியது ஜெர்மானிய மொழி பேசிய நாடுகளில். ஆஸ்திரியாவில் வாழ்ந்த ரபி இஸ்ரேல் இஸர்லைனின் வழக்கங்களை 15ஆம் நூற்றாண்டில் அவர் மாணவர் யோசெப் பென் மோஷே எழுதிவைத்த குறிப்புகளில், சபாத் ரொட்டியைக் குறிக்க இந்தப் பெயர் வருகிறது. ஜெர்மனியின் பல பகுதிகளில் அதே ரொட்டிக்கு பெர்ஹெஸ் என்று பெயர். அதில் முட்டை குறைவு அல்லது இல்லை, சில வீடுகளில் அவித்த உருளைக்கிழங்கு சேரும், மேலே கசகசா. போலந்து, ரஷ்யப் பகுதிகளில்தான் முட்டையும் இனிப்பும் கூடி, இன்று உலகம் அறிந்த பொன்னிற ஹல்லா உருவானது.

ஆகவே யூதர் சபாத் ரொட்டி எல்லாம் ஹல்லா அல்ல. ஏமன் யூதர்கள் மூடிய பாத்திரத்தில் இரவெல்லாம் மெல்லிய சூட்டில் வேகவைத்த குபானேயைச் சபாத் காலையில் உண்பார்கள். எத்தியோப்பிய யூதர்களுக்கு தாபோ. ஈராக்கியர் மேசையில் தட்டை ரொட்டிகள். ‘பின்னல் ரொட்டி’ என்று ஹல்லாவைத் தமிழாக்குவதும் குறைப்பட்டதே. பின்னாத ஹல்லா உண்டு, ஹல்லா அல்லாத பின்னல் ரொட்டிகள் ஐரோப்பாவில் ஏராளம். ‘ஓய்வுநாள் ரொட்டி’ குபானேவுக்கும் பொருந்திவிடும். பங்கைப் பிடிமாவு என்று தமிழில் சொல்லிவிட்டு, ரொட்டியை ஹல்லா என்ற பெயரிலேயே விடுவதுதான் எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் குழப்பம் தராதது.

இரண்டு நடுத்தர ஹல்லாவுக்கு அளவு: மைதா 500 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 50 கிராம், உப்பு 9 கிராம், முட்டை 2, மஞ்சள் கரு தனியாக 1, வாசனையில்லாத எண்ணெய் 60 மில்லி, வெதுவெதுப்பான நீர் 170 மில்லி. மாவு நீரை வாங்கினால் இன்னும் 20 மில்லி வரை ஊற்றலாம். பாலும் வெண்ணெயும் கிடையாது. இறைச்சியையும் பாலையும் ஒரே உணவில் சேர்ப்பது யூத நெறியில் விலக்கு. வெள்ளி இரவு மேசையில் இறைச்சி இருக்கும். ரொட்டியோ எல்லாவற்றோடும் உண்ணப்படுவது, தவறிச் சேர்ந்துவிடும். அதனால் பால் சேர்த்து ரொட்டி மாவு பிசைவதையே யூதச் சட்ட விவாத நூலான தால்முத் தடுக்கிறது.

மைதாவைச் சலித்துவிடுங்கள், புழு, வண்டு உண்பதும் விலக்கு. முட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் உடைத்து, இரத்தப் புள்ளி இருந்தால் அந்த முட்டையையே தள்ளிவிட்டு, மற்றவற்றைச் சேர்க்கவேண்டும். எல்லாவற்றையும் கலந்து, உப்பை ஈஸ்ட்டின் மேல் நேரே கொட்டாமல், 10 முதல் 12 நிமிடம் பிசையுங்கள். மாவு கையில் லேசாக ஒட்டி விடவேண்டும். ஒட்டுகிறதே என்று மாவைத் தூவிக்கொண்டே போவதால்தான் பல ஹல்லாக்கள் மறுநாளே மரத்தூளாகின்றன. தூவுவதற்குப் பதில் மூடிவைத்து 10 நிமிடம் கழித்துப் பிசைந்தால் ஒட்டல் தானே குறையும். நீர் சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும், விரல் வைத்தால் இதமாக இருக்கவேண்டும்.

மாவு இருமடங்காகக் குளிர்நாட்டில் இரண்டு மணி நேரம் பிடிக்கும்; 30 டிகிரிக்கு மேலுள்ள நம் சமையலறையில் ஒரு மணிக்குள் முடிந்துவிடும். கடிகாரத்தை நம்பாமல் மாவைப் பாருங்கள்.

பிறகு ஆறு துண்டாக்குங்கள், ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம். ஒரு ஹல்லாவுக்கு மூன்று புரி. ஒவ்வொன்றையும் 35 சென்டிமீட்டர் நீளத்துக்கு, நடுவில் தடிப்பாகவும் முனைகளில் மெலிந்தும் உருட்டவேண்டும். உருட்ட உருட்டச் சுருங்கினால் இழுக்காதீர்கள். 10 நிமிடம் விட்டால் நீளும். புரிகள்மேல் விரல்நுனியால் மைதா மெல்லத் தூவினால் பின்னல் சுடும்போது ஒன்றோடொன்று கரைந்துவிடாது. நடுவிலிருந்து தொடங்கி ஒரு பாதியை மேலாகப் பின்னுங்கள். தட்டைத் திருப்பி மறுபாதியைப் பின்னும்போது புரிகளை அடியாகக் கொண்டுசெல்லவேண்டும், இல்லையேல் நடுவில் சடை முறியும். தளர்வாகப் பின்னுங்கள், இறுக்கினால் உப்பும்போது கிழியும்.

இரண்டாவது உப்பல் 40 முதல் 60 நிமிடம். விரலால் அழுத்திய பள்ளம் மெதுவாகப் பாதிவரை மீண்டால் சரியான பதம். உடனே குதித்து மீண்டால் இன்னும் நேரமாகவில்லை. அப்போதே சுட்டால் புரிகளுக்கிடையே வெள்ளையாகப் பிளந்து நிற்கும். மீளவே இல்லையென்றால் நேரம் கடந்துவிட்டது, ரொட்டி அகன்று தட்டையாகும். அடித்த முட்டையில் ஒரு தேக்கரண்டி நீர் கலந்து, ஒருமுறை பின்னியதும், மறுமுறை அடுப்பில் வைக்குமுன்னும் பூசினால் இடுக்குகளிலும் நிறம் ஏறும். எள்ளோ கசகசாவோ தூவி, 180 டிகிரியில் 28 முதல் 32 நிமிடம். சர்க்கரையும் முட்டையும் சீக்கிரம் கறுக்கும். 20ஆம் நிமிடம் நிறம் போதுமென்றால் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 88 டிகிரி காட்டவேண்டும். நிறத்தை மட்டும் நம்பி எடுப்பவர்களுக்குத்தான் நடுவில் பிசுபிசுவென்று பச்சை மாவு மிஞ்சுகிறது.

பிடிமாவு எடுக்க விரும்புவோர் 1.7 கிலோ மைதாவுக்கு: ஈஸ்ட் 20 கிராம், சர்க்கரை 170, உப்பு 30, முட்டை 7, மஞ்சள் கரு 3, எண்ணெய் 200 மில்லி, நீர் 580 மில்லி. ஆறு ஹல்லாவுக்கு மேல் வரும். உறைநிலைப் பெட்டியில் ஒரு மாதம் நன்றாக இருக்கும்.

இனிப்பு விஷயத்தில் ஒரு கருத்து வேறுபாடு சமையல் அளவையே மாற்றுகிறது. இனிப்புச் சுவை நாக்கில் தெரிந்தால் அது பணியாரக் கணக்கு, ரொட்டிக்கான ஆசிமொழி அதற்கில்லை என்பது ஸ்பானிய மரபான செஃபார்திகளின் நெறி. அவர்களுக்குச் சுடும்போது சர்க்கரையை 10 கிராமுக்குக் குறைத்து, முட்டைக்குப் பதில் நீரால் பிசைவதே ஏற்றது.

மேசையில் ஹல்லா இரண்டாக வைக்கப்படும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்து உணவான மன்னா ஆறாம் நாள் இருமடங்காகக் கிடைத்ததன் நினைவு அது. மேலும் கீழும் துணி, மன்னாவைப் பொதிந்திருந்த பனிக்காக. திராட்சை ரசத்தின் ஆசி முடிந்தபின் துணியை நீக்கி, வெட்டி, உப்பில் தொட்டுப் பகிர்வார்கள்.

புத்தாண்டான ரோஷ் ஹஷனாவுக்கு வட்ட ஹல்லா, உப்புக்குப் பதில் பெரும்பாலும் தேன். ஒரே புரியை 60 சென்டிமீட்டர் உருட்டித் தட்டையாக்கி, உலர்திராட்சையை உள்ளே வைத்து மூடிச் சுருட்டுங்கள். வெளியே தெரியும் திராட்சை கருகிக் கசக்கும். சுருளின் நடு உயரமாக இருப்பதால் வேக நேரமாகும்: 170 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். பாஸ்கா பண்டிகையான பெசாக்கின் எட்டு நாளும் (இஸ்ரேலில் ஏழு) புளித்த மாவுக்கே இடமில்லை, ஹல்லாவும் கிடையாது. அது முடிந்த அடுத்த சபாத்தில் சாவி உருவத்தில் ஹல்லா சுடும் வழக்கம் சில கிழக்கு ஐரோப்பியக் குடும்பங்களில் இருக்கிறது.

மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமைக்குக் காய்ந்திருக்கும், அதுவே நல்லது. 2 சென்டிமீட்டர் தடிப்பில் வெட்டி, இரண்டு முட்டையும் 120 மில்லி பாலும் அடித்த கலவையில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் ஊறவைத்து, வெண்ணெயில் மிதமான தீயில் வாட்டலாம். இறைச்சிக் குழம்பு பட்ட துண்டை மட்டும் இதற்கு எடுக்கக்கூடாது.