தெளிப்பானை எடுக்கும் முன் குருத்தைப் பிரித்துப் பாருங்கள்

மரவள்ளிக் குருத்தைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "என்ன மருந்து அடிக்கலாம், சார்?" பதில் சொல்லாமல் குருத்தைப் பிரித்து, கைலென்ஸை அவர்களிடமே கொடுத்துவிடுவேன்.

முறுக்கிக் கொத்தாகிப்போன இலைகளுக்குள் இளஞ்சிவப்பு உடலும் வெள்ளைப் பூச்சுமாக இருப்பது மாவுப்பூச்சி. அது எல்லோருக்கும் தெரியும். நான் தேடச் சொல்வது, அவற்றுக்கிடையே மாவு உதிர்ந்து, பழுப்பேறி, உப்பிப்போய், இலையோடு கெட்டியாக ஒட்டிக்கிடப்பவற்றை. சிலவற்றில் சின்னதாக, வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். பூச்சிக்குள்ளேயே வளர்ந்து, அதைத் தின்று தீர்த்த குளவி வெளியேறிய வழி அது. இப்படி உப்பிச் செத்த பூச்சிக் கூடுகள் பரவலாகத் தென்படுகிற வயலில் மருந்து அடிப்பது, காவலுக்கு வந்தவனைக் கொன்றுவிட்டுத் திருடனை விட்டுவைப்பதற்குச் சமம். மாவுப்பூச்சிக்கு மெழுகுப் பூச்சு இருக்கிறது, சுருண்ட இலையும் இருக்கிறது. குளவிக்கு இரண்டும் இல்லை.

அனாகைரஸ் லோபெசி என்ற இந்தக் குளவியும் மாவுப்பூச்சியைப் போலவே தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. 1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை இந்தப் பூச்சி சூறையாடியபோது, பராகுவேயில் கண்டெடுத்த குளவியைப் பெருக்கி வயல்களில் விட்டார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2020-இல் பூச்சி கேரளத்தில் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் பக்கமும் பரவியது. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்தது. 2022 மார்ச்சில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அதை வெளியிட்டார்கள். பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010-இல் இதே வழியில்தான் தீர்வு வந்தது. அந்தப் பூச்சி மல்பெரியையும் தாக்கியது; மல்பெரி வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காலம் மறந்திருக்காது.

"குளவி வேலை முடிப்பதற்குள் என் கிழங்கு போய்விடுமே" என்பார்கள். நியாயமான கவலைதான். ஒரு தலைமுறை வளர இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். வறட்சியில் மாவுப்பூச்சி வேகமாகப் பெருகும் என்பதால் கோடையில் கவனம் கூடுதலாக வேண்டும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் குருத்தில் வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பூச்சிகளில் ஒரு பங்கு உதிர்ந்துவிடும். மழையும் அதைத்தான் செய்கிறது.

பெரிய ஆபத்து கரணையில், அதாவது நடவுக்கு வெட்டும் குச்சியில் இருக்கிறது. மரவள்ளி மாவுப்பூச்சியில் ஆண் தேவையில்லை. ஒற்றைப் பெண் பூச்சி தப்பிப் பிழைத்தாலும் புது ஊரில் குடும்பம் பெருகிவிடும். அப்படியிருக்க, பூச்சி தாக்கிய தோட்டத்துக் குச்சிகளை லாரியில் ஏற்றி அடுத்த மாவட்டத்துக்கு விதைக்கு அனுப்புவதை என்னவென்று சொல்வது? விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள், குச்சி எந்தத் தோட்டத்தில் வெட்டியது என்றாவது கேளுங்கள்.

குருத்தில் கூடு ஒன்றுகூட இல்லையென்றால், தாக்கிய நுனிகளைக் கிள்ளி அழித்துவிட்டு, ஏத்தாப்பூர் நிலையத்திலோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ குளவி கிடைக்குமா என்று விசாரியுங்கள். கூடுகள் இருக்கும் நுனிகளை அழிக்க வேண்டாம். அவற்றைக் கிள்ளி, அதே தோட்டத்தில் பூச்சி அதிகமாக இருக்கும் வரிசையில் செடியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.