கேம் ஆட ஓஎஸ் மாற்றுகிறவர்களே, முதலில் அந்த 48 இலக்கம் எங்கே?

இந்த மாதத்தில் இது மூன்றாவது லேப்டாப். மூடியைத் திறந்தால் நீலத்திரை, நடுவில் ரெக்கவரி கீ கேட்டு ஒரு கட்டம். கொண்டுவந்த தம்பிக்குப் பதினேழு வயது இருக்கும். பக்கத்தில் அவனுடைய அக்கா. லேப்டாப் அவளுடையது.

"அண்ணா, கேம் ஓட்டறேன்னு சொல்லி இவன் என்னமோ பண்ணிட்டானுங்க. ஆன் பண்ணுனா நம்பர் கேக்குதுங்க. என்னோட பி.எட். ரெக்கார்டு பூரா உள்ளதான் இருக்குதுங்க."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொழிஞ்சாம்பாறையில் நான் சர்வீஸ் கடை வைத்துப் பதினாறு வருடம் ஆகிறது. ஊர் கேரளத்தில் இருக்கிறது, கடைக்குள் பேச்சு தமிழ். வேலந்தாவளம் தாண்டி கோவைப் பக்கத்துப் பையன்களும் வருவார்கள். அதனால் மெஷினை ஓட்டும் அடிப்படை சாஃப்ட்வேரான ஓஎஸ் எது, விண்டோஸா லினக்ஸா என்ற இந்தச் சண்டையை இரண்டு பக்கமும் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்கு உண்டு. இந்தப் பக்கம் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு லினக்ஸ் புதிதே இல்லை. ஐடி பாடமே உபுண்டு என்ற லினக்ஸில்தான், படத்துக்கு ஜிம்ப்பும் கணக்குக்கு ஜியோஜீப்ராவும் கைப்பழக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம் 2011 முதல் தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பிலும் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸ் இருந்தது. மத்திய அரசு நிறுவனமான சென்னை சி-டாக் செய்தது. என் கடைக்கு வந்த பையன்கள் அதை ஒருநாளும் திறந்ததில்லை. "அண்ணா, அதைத் தூக்கிட்டு இடத்தைச் சேர்த்துக் குடுங்க, வைஸ் சிட்டி ஏத்தணும்" என்பதுதான் கோரிக்கை. நானும் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது அதே பெஞ்சில் இந்த இரண்டு கட்சியும் உட்கார்ந்து சண்டை போடுகிறது. "லினக்ஸ் போட்டா எஃப்பிஎஸ் டபுள்டா." (எஃப்பிஎஸ் என்றால் ஒரு நொடிக்குத் திரையில் ஓடும் படங்களின் எண்ணிக்கை.) "போடா, அதுல ஒரு கேமும் ஓடாது." இரண்டுமே தப்பு. ஆனால் தப்பு மட்டும் என்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பேச்சைக் கேட்டு வீட்டுக்குப் போய், யாருடைய லேப்டாப் என்று கூடப் பார்க்காமல் கை வைக்கிறார்களே, அதுதான்.

இந்தத் தம்பி செய்ததைக் கேளுங்கள். வகுப்பில் ஒருவன் சொன்னானாம், லினக்ஸில் வாலரண்ட் கேம் பறக்கும் என்று. ஒரு வீடியோவைப் பார்த்து, பயாஸுக்குள் (ஓஎஸ் எழுமுன் வரும் அமைப்புத் திரை) போய், அறியாத ஓஎஸ்ஸை ஏறவிடாத காவலான செக்யூர் பூட்டை அணைத்தான். பெண்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றிப் பார்த்தான். அது நன்றாகத்தான் வந்தது. வாலரண்ட் வரவில்லை. வராது, காரணம் பின்னால் சொல்கிறேன். சரி, போகட்டும் என்று திரும்பி விண்டோஸுக்கு வந்தால் நீலத்திரை. அந்த நேரத்தில் மறுபடி பயாஸுக்குப் போய் செக்யூர் பூட்டைப் பழையபடி ஆன் செய்திருந்தால் பெரும்பாலும் கதவு தானாகத் திறந்திருக்கும். பயந்துபோய் இன்னொரு வீடியோ பார்த்தான். அதில் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பை கிளியர் பண்ணச் சொன்னார்கள். பண்ணிவிட்டான்.

அந்தச் சிப்புக்குள்தான் டிஸ்க்கைத் திறக்கும் சாவி இருந்தது.

புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 வரும்போது, மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு உள்ளே நுழைந்தாலே பல மாடல்களில் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும், பிட்லாக்கர் என்பது அந்தப் பூட்டின் பெயர். உங்களிடம் தனியாகக் கேட்காது. நல்ல விஷயம்தான், லேப்டாப்பைத் திருடியவன் உள்ளே இருக்கும் உங்கள் படங்களைப் பார்க்க முடியாது. ஆனால் பயாஸில் சில அமைப்புகளை மாற்றினால் 'இது பழைய மெஷின்தானா?' என்று அதற்குச் சந்தேகம் வந்துவிடும். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கம் கேட்கும். அதன் நகல் முதலில் போட்ட அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்தக் கணக்கு? விற்ற கடையில் யாரோ அவசரத்தில் ஒரு மெயில் ஐடி போட்டு ஓப்பன் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஐடி அக்காவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. வீட்டில் இருந்த நாலு மெயிலிலும் நுழைந்து பார்த்தோம். இந்த லேப்டாப் ஒன்றிலும் இல்லை.

"அண்ணா, உங்ககிட்ட சாஃப்ட்வேர் இருக்குமே" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. யாரிடமும் இல்லை. 'திறந்து தருகிறேன்' என்று முன்பணம் கேட்கிறவனிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் இரண்டும் செக்யூர் பூட் ஆன் ஆக இருக்கும்போதே பூட் ஆகும். அணைக்க வேண்டிய தேவையே இல்லை. வீடியோக்காரன் எல்லா மெஷினுக்கும் ஒரே கஷாயம் கொடுத்திருக்கிறான்.

இனி அந்த 'எஃப்பிஎஸ் டபுள்' கதைக்கு வருகிறேன். இதைத்தான் நான் வாரத்துக்கு நாலு தடவை விளக்க வேண்டியிருக்கிறது. தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

விண்டோஸுக்காக எழுதின கேம் லினக்ஸில் அப்படியே ஓடாது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 1993இல் தொடங்கிய வைன் என்ற திட்டம் அந்த வேலையைச் செய்கிறது. அதன்மேல் கட்டி 2018 ஆகஸ்டில் வால்வ் கம்பெனி புரோட்டான் கொண்டுவந்தது, தன் கேம் கடையான ஸ்டீமுக்குள்ளேயே. டைரக்ட்எக்ஸ், வல்கன் இரண்டும் கேம் கிராஃபிக்ஸ் சிப்போடு பேசும் மொழிகள் மாதிரி; கேம் டைரக்ட்எக்ஸில் கேட்பதை வல்கனில் மாற்றிச் சொல்வது டிஎக்ஸ்விகே. இந்தக் கூட்டணி அபாரமாக வேலை செய்கிறது, மறுக்கவே மாட்டேன். 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியே லினக்ஸ்தான், அதன் ஸ்டீம்ஓஎஸ் ஆர்ச் லினக்ஸ்மேல் கட்டியது. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு கேமை லினக்ஸில் ஓட்டினால் ஊரைக் கூட்டிக் காட்டுவோம். இப்போது தனியாக ஆடும் கேம்களில் பெரும்பாலானவை இன்ஸ்டால் பட்டனை அழுத்தினால் ஓடுகின்றன. சில கேம்கள் விண்டோஸைவிட ஒரு பிடி கூடுதலாகவே ஓடும், முக்கியமாக ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டில்.

ஒரு பிடி. டபுள் இல்லை.

ஏன் என்றால் படத்தை வரைவது ஓஎஸ் இல்லை, கிராஃபிக்ஸ் சிப். எட்டு ஜிபி ரேம் ஒரே குச்சியாகப் போட்டிருக்கிற, தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் எந்த ஓஎஸ் போட்டாலும் அந்தச் சிப் அதேதான். தனி கார்டு இல்லாத சிப் ரேமைத்தான் கடன் வாங்கிப் பிழைக்கிறது. ஒற்றைக் குச்சி என்றால் ஒற்றை வழிப் பாதை. இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் அதேமாதிரி ஒரு குச்சி போடுங்கள், ஓஎஸ் மாற்றிக் கிடைப்பதைவிடக் கூடுதல் வித்தியாசம் தெரியும். மாட்டை மாற்றாமல் வண்டிக்குப் பெயின்ட் அடித்தால் வேகமாகப் போகுமா?

அப்புறம் தூசி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோப்பு வீட்டில், மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து நாலு மணி நேரம் ஆடுகிறான். ஃபேனைக் கழற்றினால் உள்ளே கம்பளி மாதிரி ஒரு படலம். சூடு ஏறினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதைத்தான் இவன் 'விண்டோஸ் லேக்' என்கிறான். போன வாரம் "லினக்ஸ் ஏத்திக் குடுங்கண்ணா" என்று வந்த ஒருவனுக்கு ஃபேனைத் துடைத்து, ப்ராசஸர் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றிக் கொடுத்தேன். ஓஎஸ்ஸைத் தொடவே இல்லை. சாயங்காலம் போன்: "அண்ணா, நீங்க போட்ட லினக்ஸ் சூப்பரு."

பழைய மெஷின்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'பழைய லேப்டாப்பா, லினக்ஸ் போடு' என்பது பிரவுசருக்கும் படிப்புக்கும் சரி, நானே போட்டுக் கொடுக்கிறேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 இல்லாத மெஷினை விண்டோஸ் 11 ஏற்காது. அந்த மெஷின்களுக்கு லினக்ஸ் மறுவாழ்வுதான். கேமுக்கு அதே கணக்கு ஒத்துவராது. 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 வேண்டும். என்விடியாவின் பழைய கெப்ளர் கார்டுகளுக்கு அது கிடையாது. அந்தக் கார்டில் விண்டோஸில் ஓடின கேம் லினக்ஸில் ஓடாமல் போகலாம்.

'எந்த ஓஎஸ் நல்லது?' என்று கேட்காதீர்கள். 'நான் ஆடுகிற கேம் எது?' என்று கேளுங்கள். கூட்டமாக ஆன்லைனில் ஆடுகிற கேம்களில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க ஆன்டி-சீட் இருக்கும். வாலரண்டின் ஆன்டி-சீட்டான வேன்கார்டு விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், மெஷின் ஆன் ஆகும்போதே அதுவும் எழுந்துவிடும். லினக்ஸில் அதற்கு இடமே இல்லை. 2024இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் அதையே மாட்டினார்கள், அதுவரை வைனில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அன்றோடு வெளியே. அதே வருடம் அக்டோபர் கடைசியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் லினக்ஸுக்குக் கதவைச் சாத்தியது. ஜிடிஏ ஆன்லைனும் அப்படித்தான். ஃபோர்ட்நைட் திறக்கவே இல்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற வேறு இரண்டு ஆன்டி-சீட்டுகளும் 2021 முதல் புரோட்டானுக்கு வழி வைத்திருக்கின்றன, ஆனால் அந்த வழியைத் திறப்பதும் மூடுவதும் கேம் கம்பெனியின் இஷ்டம். திறமையில்லாமல் ஓடாதது வேறு, ஓடவிடாமல் வைத்திருப்பது வேறு. லினக்ஸ் கட்சிக்காரர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ் பங்கு 3 சதவீதத்தைத் தாண்டியதே 2025 அக்டோபரில்தான். கம்பெனிக்காரன் எந்தப் பக்கம் பார்ப்பான் என்று நான் சொல்ல வேண்டுமா?

மறுபக்கம், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டும் லினக்ஸுக்கென்றே நேரடியாக வருகின்றன. இவை மட்டும் ஆடுகிறவன் விண்டோஸைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மேக் வைத்திருப்பவர்கள் என் கடைக்கு அதிகம் வருவதில்லை. சுருக்கமாக: ஆப்பிளின் எம் சிப் உள்ள மேக்கில் பூட் கேம்ப் போட்டு விண்டோஸ் ஏற்றும் பழைய வழி கிடையாது, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 மேக்குக்கு வரவே இல்லை. கேமுக்காக மேக் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

ஓஎஸ் சண்டையின் பின்வாசல் வழியாக வருகிற இன்னொரு வியாதி, 'கேமிங்குக்கென்றே செதுக்கிய லைட் விண்டோஸ்'. யாரோ விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரையும் அப்டேட்டையும் வெட்டி எறிந்துவிட்டு டெலிகிராமில் போட்டு வைத்திருப்பான். அதன்மேல் கிராக் கேம், 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணவும்' என்ற குறிப்போடு. திருடன் வந்து 'நாயைக் கட்டிப் போடுங்க' என்கிறான், நீங்களும் கட்டிப் போடுகிறீர்கள். பிறகு இன்ஸ்டா கணக்கு போச்சு, அப்பாவின் பேங்க் பாஸ்வேர்டு மாற்றியாச்சு என்று ஓடி வருவது. இதற்கு என்னிடம் அனுதாபம் தீர்ந்து வெகு நாளாகிறது.

சரி, என்ன செய்யலாம்? பயாஸ் பக்கம் போவதற்கு முன்னால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, உங்கள் லேப்டாப்பின் பெயருக்கு நேரே பிட்லாக்கர் ரெக்கவரி கீ இருக்கிறதா பாருங்கள். காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். அதே லேப்டாப்பில் நோட்பேடில் சேமிக்காதீர்கள், அப்படியும் ஒருவர் செய்திருந்தார். கீ கையில் வந்த பிறகும், பயாஸைத் தொடுமுன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். முக்கியமான ஃபைல்கள் வேறொரு டிரைவில் இருக்கட்டும், அந்த டிரைவ் வேறொரு பையில் இருக்கட்டும். லினக்ஸ் நிறுவும்போது 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்று ஒரு வரி வரும். அதன் அர்த்தம் அதேதான், வேறு உள்ளர்த்தம் இல்லை. ஆசை அடங்காதவர்கள் இரண்டாவதாக ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி அதில் போடுங்கள், விண்டோஸ் டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவினால் எந்தப் பிழையும் அதைத் தொடாது. இரண்டும் ஒரே டிஸ்க்கில்தான் என்றால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள், இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பக்கத்தில் ஃபைல் எழுத முடியாமல் நிற்கும். ஆடப்போகிற கேமின் பெயரை புரோட்டான்டிபி தளத்தில் போட்டுப் பாருங்கள், ஆடினவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வகுப்பில் ஒருவன் சொன்னான் என்பது ஆதாரம் ஆகாது.

டிபிஎம் கிளியர் என்று எங்கே பார்த்தாலும் கையை எடுத்துவிடுங்கள் கண்ணுகளா. கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த அக்காவின் லேப்டாப்பை இரண்டு நாள் வைத்திருந்தேன். விற்ற கடைக்கும் போன் போட்டோம், அங்கே யாருக்கும் எதுவும் நினைவில்லை. கடைசியில் டிஸ்க்கை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டேன். புதுக் கணக்கை அவளையே உட்கார வைத்து அவளுடைய நம்பரில் திறக்கச் சொன்னேன், 48 இலக்கத்தையும் அவளே ஒரு நோட்டில் எழுதினாள். ரெக்கார்டில் பாதியை வாட்ஸ்அப்பில் தோழிகளுக்கு அனுப்பியிருந்தது கிடைத்தது. மீதியைத் தம்பி உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுக்கிறானாம். தமிழ் டைப்பிங் பள்ளிக்கூடத்து உபுண்டுவில் கற்றது, வேகமாகத்தான் அடிப்பான் என்றாள்.

வருகிறவர்கள் சார்ஜரையும் கொண்டு வாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் மறந்துவிடுகிறீர்கள்.