படகுக்கு முந்தைய முகவரிகள்

மகளின் குடியுரிமை பற்றிக் கேட்க, கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலிருந்து ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். எப்போது இந்தியாவுக்கு வந்தீர்கள் என்றேன். 1990 என்றார். முன்பெல்லாம் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். இப்போது இன்னொன்றும் கேட்கிறேன்: படகேறும் முன் எத்தனை இடம் மாறினீர்கள்? விரல்விட்டு எண்ணினார். நான்கு. கடைசி இரண்டு, மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயில் வளாகமும் பேசாலைக் கரையும்.

"அடுத்த ஊர்தானே, ஷெல்லடி ஓய்ந்ததும் திரும்பிவிடலாம்" என்றுதான் கிளம்புகிறார்கள். பெரும்பாலோர் நாட்டின் எல்லையை எட்டுவதே இல்லை. 2023 இறுதியில் போராலும் வன்முறையாலும் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்திருந்தோர் உலகெங்கும் 6.8 கோடிப் பேர். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்த லட்சக்கணக்கானோரும், 1990இல் புலிகள் வெளியேற்றியதால் புத்தளத்தில் தஞ்சமடைந்த வடக்கு முஸ்லிம்களும் இப்படிப்பட்டவர்களே. (பின்னதைச் சொன்னால் முகம் சுளிப்போர் நம்மில் உண்டு. சுளிக்கட்டும்.) நாட்டின் எல்லையைத் தாண்டாததால் 1951 அகதிகள் உடன்படிக்கை இவர்களுக்குப் பொருந்தாது. இவர்களுக்கென 1998இல் ஐ.நா.வில் வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள் உண்டு. எந்த அரசையும் அவை கட்டுப்படுத்துவதில்லை. கடல் தாண்டி வந்தவர்களுக்கும் இங்கே அந்த உடன்படிக்கை கைகொடுக்காது, இந்தியா அதில் கையெழுத்திடவில்லை.

ஒவ்வொரு இடமாற்றத்திலும் ஒரு காகிதம் தொலைகிறது. இந்த அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் இரண்டாவது ஊரிலேயே போய்விட்டது. அது இல்லாமல், 1992இல் இங்கே பிறந்த மகளைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவது பெரும்பாடு. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது அதனால்தான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலோ இலங்கையின் பெயரே இல்லை. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறும்; நமக்கு மாநில எல்லை அவ்வளவுதான். இந்த அம்மாவின் மகளுக்கு, எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் தடா ஊர்ப் பக்கத்து ஆலையில் வேலை கிடைத்தாலும், முகாமில் கணக்கெடுக்கும் நாளுக்குத் திரும்பியாக வேண்டும்.

முகாமில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊர், எந்தக் கிராம சேவையாளர் பிரிவு (இலங்கையின் மிகச் சிறிய நிர்வாகப் பிரிவு), எந்தப் பள்ளி, எந்தத் தேவாலயம். சான்றிதழ் தொலைந்தாலும் பள்ளிச் சேர்க்கைப் பதிவோ ஞானஸ்நானப் பதிவோ எங்காவது பிழைத்திருக்கலாம்.

இரண்டாவது ஊரை விட்ட மாதம் அந்த அம்மாவுக்கு நினைவில்லை. பனம்பழம் விழுந்துகொண்டிருந்தது என்றார். ஆவணி என்று எழுதிக்கொண்டேன்.