சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது: ஏன்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு வருடத்துக்கு மேல் ஓடாமல் கிடந்த பழைய பைக் ஒன்றை மலிவாக வாங்கினேன். சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. இன்ஜினை இறக்கி போர் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?"

அவசரப்பட வேண்டாம். சோக் என்பது குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகக் கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் அமைப்பு. போர் போடுவது என்றால் தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைவது. நீங்கள் சொல்லும் அறிகுறி, பிஸ்டனைவிட, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைத்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது. அதுவும் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரே ஒரு துளையை.

நான்கு வீச்சு இன்ஜின் எப்படி ஓடுகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். உறிஞ்சல், அழுத்தம், வெடிப்பு, வெளியேற்றம். இங்கே நமக்குத் தேவை ஒரு கணக்கு மட்டும். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் ரொம்பக் கூடினால் கரும்புகை, ரொம்பக் குறைந்தால் இன்ஜின் நின்றுபோகும். இந்த விகிதத்தை, கணினியும் சென்சாரும் இல்லாத காலத்தில், ஒரு உலோகக் குழாய் எப்படிக் காப்பாற்றியது?

கார்புரேட்டரின் நடுவே குழாய் ஒடுங்கும். ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமெடுக்கும். வேகமெடுக்கும் இடத்தில் அதன் அழுத்தம் குறையும். 1738-இல் டேனியல் பெர்னூலி எழுதிவைத்த இந்த உறவை, ஒடுங்கிய குழாய்களில் ஆராய்ந்து 1797-இல் வெளியிட்டவர் இத்தாலியரான வெஞ்சுரி. அவர் பெயரையே அந்த ஒடுக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். கீழே உள்ள மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கிறது. அதன் மேல் சாதாரண வளிமண்டல அழுத்தம். மேலே ஒடுக்கத்தில் குறைந்த அழுத்தம். ஆக, வெளிக்காற்றின் அழுத்தமே பெட்ரோலை ஜெட் எனும் சிறு துளையுள்ள திருகு வழியாக மேலே தள்ளிவிடுகிறது. ஒடுக்கத்தில் காற்று நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போனால் அழுத்தம் சுமார் 1,500 பாஸ்கல் இறங்கும். வளிமண்டல அழுத்தத்தில் இது 1.5 சதவீதம்தான். ஆனால் பெட்ரோலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்ற அதுவே போதும். கார்புரேட்டருக்குள் ஏற வேண்டியதோ சில சென்டிமீட்டர்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆக்சிலேட்டரை முறுக்குகிறீர்கள், காற்றின் வேகம் இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தக் குறைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அது 4 மடங்காகிவிடும். அப்படியானால் பெட்ரோலும் 4 மடங்கு கொட்டி, கலவை கெட்டுப்போக வேண்டுமே? கெடுவதில்லை. சிறு துளை வழியே பாயும் திரவத்தின் வேகம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 4-இன் வர்க்கமூலம் 2. காற்று இரண்டு மடங்கானால் பெட்ரோலும் இரண்டு மடங்கு. காற்றுப் பக்கம் வர்க்கம், பெட்ரோல் பக்கம் வர்க்கமூலம். இரண்டும் ஒன்றையொன்று சரிசெய்துகொண்டு விகிதத்தை அப்படியே நிறுத்துகின்றன. நடைமுறையில் சின்னச் சின்ன விலகல்கள் வரும், அவற்றைத் திருத்தத் தனியாகக் காற்றுத் துளைகள் உண்டு. ஆனாலும் அடிப்படைக் கணக்கை ஒரு துளையும் ஒரு ஒடுக்கமும் போட்டுவிடுகின்றன. 1893 வாக்கில் ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா இருவரும் இப்படித் தெளிக்கும் கார்புரேட்டர்களை உருவாக்கினார்கள். பெர்னூலி சமன்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லும் ஒவ்வொரு பள்ளியிலும் பழைய கார்புரேட்டர் ஒன்றைக் கழற்றிப் பார்க்கக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பெரிய ஆய்வகச் செலவெல்லாம் இதற்கு வேண்டியதில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காமல் இன்ஜின் ஓடும்போது, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். ஒடுக்கத்தில் காற்று வேகம் மிகக் குறைவு, எனவே இதுவரை பார்த்த மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோல் ஏறாது. அப்போது வேலை செய்வது ஸ்லோ ஜெட் என்ற இன்னொரு ஜெட். அதன் பாதை த்ராட்டிலைத் தாண்டி, இன்ஜின் பக்கம், அழுத்தம் நன்றாகக் குறைந்திருக்கும் இடத்தில் திறக்கிறது. இந்த ஜெட்டின் துளை மிகச் சிறியது. சில தயாரிப்புகளில் மேலே 38 என்று பொறித்திருந்தால் விட்டம் 0.38 மில்லிமீட்டர்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோலின் லேசான பகுதிகள் முதலில் ஆவியாகிவிடும். மிஞ்சியது காற்றின் ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து, பழுப்பு நிறப் பிசினாகப் படியும். 0.38 துளையின் சுற்றுச்சுவரில் 0.04 மி.மீ. படிந்தாலே போதும், பரப்பளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். சோக் போட்டால் காற்று குறைகிறது, அல்லது பெட்ரோல் வேறு வழியில் கூடுதலாக வருகிறது, இன்ஜின் ஓடுகிறது. எடுத்ததும் பட்டினி. வண்டிக்கு ராசி இல்லை என்று தள்ளிவிடப்படும் எத்தனையோ வண்டிகளின் கதை இந்தப் பிசின்தான். அந்தப் பேச்சை நம்பி நல்ல இயந்திரத்தைக் காயலான் கடைக்கு அனுப்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இன்ஜின் ஆறியபின், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் வேலையைத் தொடங்குங்கள். டேங்க்கிலிருந்து வரும் பெட்ரோலை நிறுத்தும் காக்கை (குழாய்த் திருகை) மூடி, கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிட்டு, அடிமூடியைக் கழற்றுங்கள். ஸ்லோ ஜெட்டைத் திருகி எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சுத்தமாக இருந்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரியும். அடைத்திருந்தால் ஒன்றுமே தெரியாது, அல்லது பிறை போல ஓரத்தில் மட்டும் தெரியும். இரும்புக் கம்பியை மட்டும் உள்ளே விடாதீர்கள். ஜெட் பித்தளை, எளிதில் தேயும். 0.38 தேய்ந்து 0.42 ஆனால் துளையின் பரப்பு 22 சதவீதம் கூடிவிடும், அப்புறம் மைலேஜ் போயிற்று. கார்புரேட்டர் கிளீனர் தெளித்து ஊறவிட்டு, காற்றடித்து ஊதுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்: ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளையிலிருந்து முகத்தில் பீய்ச்சும். டேங்க்கில் துரு இருந்தால் அதையும் கழுவி, பில்டரை மாற்றினால்தான் பலன் நிற்கும்.

போர் போட வேண்டுமா என்பதைப் புகை சொல்லும். சூடான இன்ஜினில் தொடர்ந்து நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் உள்ளே போகாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கையும் வால்வு சீலையும் சந்தேகிக்கலாம். நீலப்புகை இல்லாமல், கிக்கர் மிதிக்கும்போது நல்ல எதிர்ப்பு இருந்தால், ஜெட்டைச் சுத்தம் செய்து மாட்டிப் பாருங்கள். அப்போதும் சோக் இல்லாமல் ஓடவில்லை என்றால், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் இணைப்பை வளைத்துப் பாருங்கள். அதில் வெடிப்பு இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போய், இதே அறிகுறியைத்தான் காட்டும்.